ஹம்போல்ட் பார்க்வே: மேலே மூடுவதா, மண் போட்டு நிரப்புவதா?

பஃபலோ_பாலா

நம் தளத்தில் பஃபலோ என்று யாராவது எழுதினால் நயாகரா அருவிக்குப் போகிற வழி, குளிர்காலத்தில் பனி, கோழி இறக்கை வறுவல், இதைத் தாண்டிப் பேச்சு போவதில்லை. அந்த ஊரிலேயே குடியிருப்பவன் என்பதால் வேறு ஒரு சங்கதியை இங்கே இழுத்துப் போடுகிறேன். சண்டை போடலாம், வாருங்கள்.

ஊரின் கிழக்குப் பக்கத்தில் ஹம்போல்ட் பார்க்வே என்று ஒரு சாலை இருந்தது. 200 அடி அகலம். நடுவில் நீளமான புல்வெளி, அதில் வரிசை வரிசையாக மரங்கள், இரண்டு ஓரத்திலும் வண்டிப்பாதை, அதைத் தாண்டி வீடுகள். ஒரு பூங்காவில் ஆரம்பித்து இன்னொரு பூங்காவில் போய் முடியும். 1960களில் அந்தப் புல்வெளியைத் தோண்டிப் பெரிய வாய்க்கால் போல ஆக்கி, அதற்குள் கென்சிங்டன் எக்ஸ்பிரஸ்வேயை (33ஆம் எண் சாலை) இறக்கிவிட்டார்கள். இன்றும் பள்ளத்தின் இரண்டு கரையிலும் தெருப் பலகையில் ‘ஹம்போல்ட் பார்க்வே’ என்றுதான் எழுதியிருக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் கம்பி வேலி, வேலிக்குக் கீழே ஆறு வரிசையில் கார்கள்.

இந்தத் தவறைச் சரி செய்யப் போகிறோம் என்று நியூயார்க் மாநில அரசு 2022-இல் அறிவித்தது. ஒரு பில்லியன் டாலர் வரை செலவு. பள்ளத்தில் முக்கால் மைல் நீளத்துக்குக் கூரை போட்டுச் சுரங்கமாக்கி, கூரை மேல் மண் கொட்டி மரம் நடுவது திட்டம். 2023-இல் மத்திய அரசும் 55 மில்லியன் டாலருக்கு மேல் கொடுப்பதாகச் சொன்னது. அப்புறம் அந்தப் பகுதி மக்களில் ஒரு சாராரே வழக்குப் போட்டார்கள். முழுமையான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எதிர்ப்பவர்கள் கேட்பது: ‘சுரங்கம் வேண்டாம், பள்ளத்தையே மண் போட்டு நிரப்பிப் பழைய சாலையைத் திருப்பிக் கொடு.’ எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. உங்கள் கருத்து என்ன?

வெட்டிப்பேச்சு

முக்கால் மைல் புல்லுக்கு ஒரு பில்லியனா? அந்தக் காசில் கிழக்குப் பக்கம் முழுக்கத் தெருவுக்கு ஒரு பூங்கா கட்டலாமே. எதற்கு இந்த வேண்டாத வேலை?

நிழற்சாலை

வெட்டிப்பேச்சு சாருக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் 1868-க்குப் போயாக வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் ஆகஸ்டில் ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட் சிகாகோ பக்கம் வேறு ஒரு வேலையாகப் போகிற வழியில் பஃபலோவில் இறங்கினார். நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் போட்டுப் பெயர் வாங்கியிருந்த சமயம். வரவழைத்தவர் வில்லியம் டார்ஷைமர் என்ற உள்ளூர் வக்கீல். அவரும் நண்பர்களும் மூன்று இடங்களைக் காட்டி, பூங்கா அமைக்க இதில் எது சரிப்படும் என்று கேட்டார்கள். ஓம்ஸ்டெட் சொன்ன பதில்தான் இந்த ஊரின் தலையெழுத்தை மாற்றியது: மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றையும் மரச்சாலைகளால் இணைத்துவிடுங்கள். சில நாட்களில் ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் கூட்டினார்கள். தலைமை தாங்கியவர் மில்லார்ட் ஃபில்மோர், அமெரிக்காவின் முன்னாள் அதிபர், அதே ஊர்க்காரர். அடுத்த வருடமே பூங்கா ஆணையம் அமைந்தது. ஓம்ஸ்டெட்டும் அவருடைய கூட்டாளி கால்வர்ட் வாக்ஸும் வரைபடம் போட்டார்கள்.

மூன்று பூங்காக்களுக்கும் மூன்று வேலை. வடக்கே இருந்த பெரியதற்கு ‘தி பார்க்’ என்றே பெயர். இன்றைய டெலவேர் பார்க், சுமார் 350 ஏக்கர். ஸ்கஜாக்வடா ஓடையை மறித்து 46 ஏக்கரில் ஏரி வெட்டினார்கள். மேற்கே ‘தி ஃப்ரன்ட்’, ஈரி ஏரியிலிருந்து நயாகரா ஆறு பிரிகிற இடத்தைப் பார்த்தபடி ஒரு மேட்டில். கிழக்கே ‘தி பரேடு’, படை அணிவகுப்புக்கும் கூட்டம் கூடவும் திடல். சுற்றிலும் ஜெர்மானியக் குடியேறிகள். அங்கே வாக்ஸ் ஒரு பெரிய மரக் கட்டடம் போட்டுக் கொடுத்தார், சாப்பாடு, பாட்டு, ஆட்டம் எல்லாம் அதற்குள். பார்க்வேக்கு அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் பெயரை வைத்ததும் இந்த ஜெர்மானியர் சங்கதியோடு சேர்ந்ததுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் இதைவிட நல்ல பூங்காக்கள் அப்போதே வேறு ஊர்களில் இருந்தன. பஃபலோவில் புதிதாக இருந்தது இணைப்பு. பூங்காக்களும் பார்க்வேக்களும் ஒரே வலையாகச் சேர்ந்த ஏற்பாடு அமெரிக்காவில் முதன்முதலாக இங்கேதான் வந்தது. வீட்டு வாசலில் இறங்கினால் பூங்கா ஆரம்பிக்க வேண்டும், நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மரநிழலை விட்டு வெளியே வராமல் போக வேண்டும் என்பது எண்ணம். அதனால் ஹம்போல்ட் பார்க்வேயை ‘முக்கால் மைல் புல்’ என்று கணக்குப் போட்டால் கணக்கு தப்பும். கிழக்குப் பக்கத்தை டெலவேர் பார்க்கோடு சேர்த்துக் கட்டியிருந்த ஒரே கயிறு அது. தெருவுக்கு ஒரு பூங்கா கட்டினாலும் அறுந்த கயிறு அறுந்ததுதான்.

யூபி_மாணவன்

நான் பஃபலோ பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். மெட்ரோ ரயிலில் ‘ஹம்போல்ட்–ஹாஸ்பிடல்’ என்று ஒரு நிறுத்தம் வரும். ஏதோ ஒரு டாக்டர் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! ஒரு சந்தேகம்: எல்ம்வுட் பக்கம் பிட்வெல் பார்க்வே என்று ஒன்று இருக்கிறதே, சனிக்கிழமை காய்கறிச் சந்தை போடுவார்களே, அதுவும் இதே திட்டமா? அது நன்றாகத்தானே இருக்கிறது?

நிழற்சாலை

அதே திட்டம்தான் தம்பி. அங்கேதான் கதையின் கசப்பும் இருக்கிறது.

டெலவேர் பார்க்கின் தெற்கு வாசலிலிருந்து லிங்கன் பார்க்வே இறங்கி சோல்ஜர்ஸ் சர்க்கிளுக்கு வரும். அங்கிருந்து பிட்வெல் ஒரு பக்கம், சேப்பின் இன்னொரு பக்கம் என்று கவட்டையாகப் பிரியும். சேப்பின் முடிகிற இடம் கேட்ஸ் சர்க்கிள். பிட்வெல் முடிகிற இடத்திலிருந்து ரிச்மண்ட் அவென்யூ தெற்கே போகும், அதிலும் வட்டங்கள். லிங்கனில் வண்டிப்பாதை நடுவில், மரங்கள் இரு பக்கமும். பிட்வெல்லிலும் சேப்பினிலும் தலைகீழ்: புல்வெளி நடுவில், பாதை ஓரங்களில். ஹம்போல்ட் எப்படி இருந்தது என்று கேட்டால் பிட்வெல்லில் நின்று பார், அதை நீளத்தில் பல மடங்கு இழுத்துப் பார். பிட்வெல் கால் மைல் சொச்சம், ஹம்போல்ட் ஏறக்குறைய 2 மைல்.

மேற்குப் பக்கத்தில் இருப்பவை அப்படியே இருக்கின்றன. வீடு வாங்கப் போனால் தெரியும் அங்கே என்ன விலை என்று. கிழக்கே இருந்ததுதான், எல்லாவற்றிலும் நீளமானதுதான், போனது. 1950களில் ஹம்போல்ட் ஓரத்து வீடுகளுக்குக் கறுப்பின நடுத்தரக் குடும்பங்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். டாக்டர், வாத்தியார், ரயில்வே வேலைக்காரர்கள். பாடுபட்டு வாங்கிய வீட்டின் முன்னால் மரத்தை வெட்டிப் பாறையை உடைத்தால் எப்படி இருக்கும்?

கல்லணை

நான் கட்டுமானப் பொறியாளன், பாலங்கள் சார்ந்த வேலை. ஏன் ஹம்போல்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு அந்தக் கால நெடுஞ்சாலைக்காரர்களின் மூளையில் ஓடிய கணக்கைச் சொல்கிறேன். 200 அடி அகலத்தில் நேர்கோடாக ஒரு நிலம், முழுக்க அரசாங்கத்துக்குச் சொந்தம். நஷ்டஈடு கொடுக்க வேண்டாம், வழக்கு வராது. வேறு வழியாகப் போனால் நூற்றுக்கணக்கான கட்டடங்களை இடிக்க வேண்டும். அவர்களுடைய வரைபடத்தில் பூங்கா என்பது காலி இடம். இதே கண்ணோட்டத்தில்தான் டெலவேர் பார்க்குக்குள்ளேயே ஸ்கஜாக்வடா எக்ஸ்பிரஸ்வேயை (198) விட்டார்கள். ஹம்போல்ட்டின் வடக்குத் துண்டை அந்த 198 விழுங்கியது, தெற்கே இறங்கும் துண்டை 33 விழுங்கியது. மேற்கே ஃப்ரன்ட் பூங்காவுக்கும் தண்ணீருக்கும் நடுவில் 190ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. ஓம்ஸ்டெட் இணைத்த மூன்று பூங்காக்களில் ஒன்றுகூட நெடுஞ்சாலையிடம் தப்பவில்லை.

இன வெறுப்பா, மலிவுக் கணக்கா என்று விவாதம் வரும். எதிர்த்துக் குரல் கொடுத்தால் எடுபடும் என்ற நிலையில் இருந்தவர்கள் லிங்கன் பார்க்வேயில் இருந்தார்கள், அங்கே யாரும் கடப்பாரையோடு போகவில்லை. என் பார்வையில் இரண்டும் ஒரே கணக்கு.

வெட்டிப்பேச்சு

சரி, 198 பூங்காவுக்குள் போகிறது என்கிறீர்கள். நான் அதில் ஓட்டியிருக்கிறேன். எக்ஸ்பிரஸ்வே மாதிரி வடிவம், 30 மைல் வேகம். யாரும் மதிப்பதில்லை. எரிச்சலாக இருக்கும். அது ஏன்?

பஃபலோ_பாலா

2015 மே மாதக் கடைசியில் ஒரு கார் சாலையை விட்டு விலகிப் பூங்காவுக்குள் பாய்ந்து, நடந்துபோன குடும்பத்தின் மேல் ஏறியது. மூன்று வயதுக் குழந்தை இறந்துபோனது. அதுவரை 50 மைல். உடனே ஆளுநர் உத்தரவில் 30 ஆக்கினார்கள், ஓரத்தில் தடுப்புகள் வைத்தார்கள். அதற்கப்புறம் அதை முழுமையாகச் சாதாரண மரச்சாலையாக மாற்றுவது பற்றி எத்தனையோ வரைபடம் வந்தது, எதிலும் ஊர் ஒத்துப்போகவில்லை. வேகப் பலகை மட்டும் மாறி, சாலையின் உடம்பு அப்படியே இருப்பதால் உங்கள் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்துகிறது. எரிச்சல் நியாயம்தான். பலகையின் மேல் படாமல் வடிவமைப்பின் மேல் படுங்கள்.

சுதா_ரோசஸ்டர்

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரோசஸ்டர் பஃபலோவிலிருந்து கிழக்கே ஒன்றேகால் மணி நேரம். டவுன்டவுனைச் சுற்றி இன்னர் லூப் என்று ஒரு பள்ளச் சாலை அகழி மாதிரி இருந்தது. அதன் கிழக்குப் பகுதியை 2014-இல் ஆரம்பித்து 2017-க்குள் மண் போட்டு நிரப்பிவிட்டார்கள். இப்போது அங்கே சாதாரணத் தெரு, சைக்கிள் பாதை, நிரப்பிய நிலத்தில் அடுக்குமாடி வீடுகள். பழைய பள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். உலகம் ஒன்றும் முடிந்துவிடவில்லை, போக்குவரத்தும் நின்றுவிடவில்லை. சிராக்யூஸில் 81ஆம் எண் மேம்பாலத்தையே எடுக்கிறார்கள். பக்கத்து ஊர்களில் முடிகிறபோது பஃபலோவில் மட்டும் ஏன் பில்லியன் கொட்டிக் காரையே கட்டிக் காக்க வேண்டும்? நிரப்புங்கள்.

கல்லணை

சுதா, ரோசஸ்டர் நல்ல உதாரணம்தான், ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். இன்னர் லூப்பின் அந்தத் துண்டில் வண்டிகளே குறைவு, சாதாரண இருவழித் தெருவே தாங்கிவிடும். அதனால்தான் அதை முதலில் எடுத்தார்கள். 33-இல் நாளொன்றுக்குச் சுமார் 75,000 வண்டிகள் போவதாக மாநிலக் கணக்கு. விமான நிலையம், கிழக்குப் புறநகர்கள், டவுன்டவுன் மருத்துவமனை வளாகம் எல்லாம் அதில் தொங்குகின்றன. நிரப்பினால் அத்தனையும் ஆவியாகிவிடாது. ஒரு பகுதி வேறு வழி பார்க்கும், ஒரு பகுதி குறையும், மீதி பக்கத்துத் தெருக்களில் ஏறும். அந்தத் தெருக்களும் அதே கிழக்குப் பக்க மக்களுடையவை.

நான் நிரப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. நிரப்புவதானால் ஹம்போல்ட் துண்டை மட்டும் பார்த்தால் போதாது, 33 முழுவதையும், 198-ஐயும் சேர்த்து யோசிக்க வேண்டும். மாநிலம் அதைச் செய்யாமல் முக்கால் மைலை மட்டும் வெட்டி எடுத்து ஆராய்ந்தது. நீதிமன்றத்தில் அடி வாங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சுதா_ரோசஸ்டர்

75,000 என்று எல்லாரும் சொல்கிறார்கள். சாலை போட்டதால் வந்த 75,000 தானே? சாலை இல்லாதபோது அந்த மக்கள் எங்கே குடியிருந்தார்கள்? ஊருக்குள். 1950-இல் பஃபலோவில் 5 லட்சத்து 80 ஆயிரம் பேர். இன்று அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. எக்ஸ்பிரஸ்வேதான் ஆளைக் காலி செய்தது என்று சொல்லமாட்டேன், எஃகு ஆலை மூடியதும் இருக்கிறது. ஆனால் வாசலைத் திறந்துவிட்டது அதுதான்.

அப்புறம் சுரங்கத்தின் புகை. உள்ளே முக்கால் மைல் தூரம் வண்டிகள் விடும் புகை இரண்டு வாயிலும்தானே வெளியே வரும்? வாய்ப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இப்போதையதைவிட மோசமாகும் என்பது வழக்குப் போட்டவர்களின் முக்கிய வாதம். அந்தப் பகுதியில் ஆஸ்துமா பற்றிப் பேசாத வீடு இல்லை. நடுவில் இருப்பவனுக்குப் பூங்கா, ஓரத்தில் இருப்பவனுக்குப் புகைபோக்கி. இதற்குப் பெயர் பரிகாரமா?

மினியாபொலிஸ்_மணி

இழையைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்புகிறேன், மன்னிக்கவும். எங்கள் மினியாபொலிஸில் ‘கிராண்ட் ரவுண்ட்ஸ்’ இருக்கிறது. ஏரிகள், ஆறு, பூங்காக்கள் எல்லாவற்றையும் சுற்றி இணைக்கிற 50 மைல் மரச்சாலை. ஹொராஸ் கிளீவ்லாந்து 1883-இல் போட்ட யோசனையில் முளைத்தது. இங்கே அது பெருமளவு பிழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு: பூங்கா வாரியம் நகராட்சிக்குக் கீழ் இல்லை. தனியாகத் தேர்தல் நடக்கும், தனியாக வரி வசூல். பூங்கா நிலத்தைக் கேட்டு எவன் வந்தாலும் அதற்கென்றே ஓட்டு வாங்கிய ஆட்களிடம் வந்து நிற்க வேண்டும்.

ஆனாலும் வட்டம் முழுசாக இல்லை. வடகிழக்கே ஒரு துண்டு இன்றுவரை போடப்படவில்லை. ‘விட்டுப்போன கண்ணி’ என்றே ஊரில் பெயர். நூறு வருடத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அது எந்தப் பக்கம் என்று யூகிக்க முடியும்: தொழிற்சாலை, ரயில் யார்டு, உழைக்கிற சனம் இருக்கிற பக்கம்.

வெட்டிப்பேச்சு

எல்லா ஊரிலும் ஒரே கதைதான் போல.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஓம்ஸ்டெட் ஓம்ஸ்டெட் என்று உருகுகிறீர்களே, டெலவேர் பார்க் புல்வெளியில் கோல்ஃப் மைதானம் போட்டிருக்கிறார்கள், மிருகக்காட்சிசாலை இருக்கிறது. அதெல்லாம் அவர் வரைந்ததா? நெடுஞ்சாலை மட்டும்தான் பாவமா?

நிழற்சாலை

நல்ல கேள்வி. மிருகக்காட்சிசாலை 1875-லிருந்து இருக்கிறது, கிட்டத்தட்டப் பூங்காவுக்கு வயசொத்தது. கோல்ஃப் பின்னால் வந்தது, எனக்கும் பிடிக்காது. அந்தப் புல்வெளி 120 ஏக்கர். தடுப்பு எதுவும் இல்லாமல் கண் போகிற வரைக்கும் பச்சை தெரிய வேண்டும் என்று வடிவமைத்த இடத்தில் கொடி நட்டுக் குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அது நாளைக்கே மாற்றக்கூடியது. புல்லின் மேல் வந்த பிழை. 33 நிலத்துக்குள் இறங்கிவிட்ட பிழை.

ஓம்ஸ்டெட்டைச் சாமியாக்கவும் வேண்டாம். பரேடு பூங்கா ஒரு தலைமுறைக்குள்ளேயே சரிப்படவில்லை. 1896-இல் அவருடைய நிறுவனமே அதைக் கலைத்து, ஹம்போல்ட் பார்க் என்று பெயர் மாற்றி, 5 ஏக்கரில் குழந்தைகள் கால் நனைக்கும் குளம் ஒன்றைப் போட்டது. 1977-இல் மார்ட்டின் லூதர் கிங் பெயர் வந்தது. தெற்கு பஃபலோவில் 1888-இல் ஏரிக்கரை ஓரமாகத் தண்ணீரும் தீவுமாக ஒரு பிரமாண்டப் பூங்கா வரைந்து கொடுத்தார், ஊர் முடியாது என்றுவிட்டது. அதற்குப் பதிலாக வந்தவைதான் சவுத் பார்க்கும் கசனோவியா பார்க்கும், இரண்டையும் சுற்றியுள்ள பார்க்வேக்களும். சவுத் பார்க்கில் 1900-இல் கட்டிய கண்ணாடிச் செடி மாளிகை இன்னும் இருக்கிறது. பிப்ரவரியில் உள்ளே போய் நின்றால் வேர்க்கும், அதற்காகவே போகலாம்.

இன்னொன்று. இந்த வலைக்கு அடியில் பழைய வலை ஒன்று இருந்தது. 1804-இல் ஜோசப் எல்லிகாட் நயாகரா சதுக்கத்திலிருந்து கதிர்கள் மாதிரி விரிகிற தெருக்களைப் போட்டார். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ, வாஷிங்டன் நகரத்துக்கு அதை வடிவமைத்த லான்ஃபானோடு நில அளவை செய்தவர். அங்கிருந்து வந்த பாணி. ஓம்ஸ்டெட் அந்தக் கதிர்களோடு தன் பார்க்வேக்களைக் கோத்தார். 1876-இல் ஃபிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சியில் பஃபலோ வரைபடத்தை மாட்டி, தெருக்களும் பொது இடங்களும் இவ்வளவு நன்றாகத் திட்டமிட்ட நகரம் அமெரிக்காவில் வேறில்லை, உலகத்திலேயே இருக்குமோ என்னவோ என்று பெருமை அடித்துக்கொண்டார். தன் வேலையைத் தானே புகழ்ந்ததுதான், ஆனாலும் முழுப் பொய் இல்லை.

யூபி_மாணவன்

அக்கா, மரங்கள்? இப்போது பிட்வெல்லில் இருப்பவை 150 வருட மரங்களா?

நிழற்சாலை

பெரும்பாலும் இல்லை. முதலில் நட்டதில் எல்ம் நிறைய. இரண்டு பக்கமும் வளைந்து மேலே கூடாரம் மாதிரி சேர்ந்துகொள்ளும் மரம், அதனால்தான் சாலைகளுக்கு அதைத் தேடி நட்டார்கள். டச்சு எல்ம் நோய் வந்து 1950களிலிருந்து வாரிக்கொண்டு போனது. அப்புறம் 2006 அக்டோபர் 12, 13. இலை உதிரவே இல்லை, அதற்குள் ஈரப்பனி ஒன்றரை அடிக்கு மேல் கொட்டியது. இலையோடு இருந்த கிளைகள் எடை தாங்காமல் விடிய விடிய முறிந்தன. துப்பாக்கி வெடிக்கிற மாதிரி சத்தம் என்று இங்கே பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். அதற்குப் பிறகு தொண்டர்கள் சேர்ந்து வருடக்கணக்கில் நட்டதில்தான் இன்றைய நிழல் பாதி இருக்கிறது. இப்போது ஒரே இனமாக நடுவதில்லை, கலந்து நடுகிறார்கள்.

நெறியாளர்

சில பதிவுகள் நீக்கப்பட்டன. அமெரிக்கக் கட்சி அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போகவும்.

கல்லணை

மரம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், மூடி போடும் திட்டத்தில் எனக்குப் பெரிய சந்தேகம் இதில்தான். எல்லாரும் ‘மேலே மண் போட்டு மரம் நடுவோம்’ என்று படம் காட்டுகிறார்கள். படத்தில் மரம் நாலு மாடி உயரம். அதன் வேருக்குக் கீழே எவ்வளவு மண் என்று படத்தில் தெரியாது.

நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2 டன். பெரிய நிழல் மரம் நிற்க வேண்டுமானால் குறைந்தது 3, 4 அடி மண் வேண்டும், அதுவும் தொட்டி மாதிரி இல்லாமல் வேர் பக்கவாட்டில் ஓட இடத்தோடு. 4 அடி என்று வைத்துக்கொண்டால் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கிட்டத்தட்ட இரண்டரை டன் நிரந்தரச் சுமை. அதற்கு மேல் பனி, புல் வெட்டும் வண்டி, கூட்டம். நடுவில் சுவர் வைத்து இரண்டு கண்ணாகப் பிரித்தாலும் தூலங்கள் தடிமனாகும். தூலம் தடித்தால் கீழே லாரி போகும் உயரம் குறையும். உயரம் வேண்டுமானால் சாலையை இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும். அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. பாறையை உடைத்தால் இரண்டு கரையிலும் இருக்கிற நூறு வருட வீடுகளின் அஸ்திவாரம் அதிரும். மரத்துக்கு ஒரு அடி மண் கூட்டுவது என்பது இப்படி வரிசையாக வந்து பணத்தில் முடியும்.

அதனால் பட்ஜெட் இறுகும்போது முதலில் குறைவது மண்ணின் ஆழம். திறப்பு விழா அன்று யாருக்கும் தெரியாது. இருபது வருடம் கழித்து மரம் வளராமல் குத்துச்செடியாக நிற்கும்போது தெரியும். நிரப்பினால் இந்தத் தலைவலியே இல்லை, மண் அடி வரைக்கும் மண்தான்.

வெட்டிப்பேச்சு

அப்போ நீங்களும் நிரப்பச் சொல்கிற கட்சிக்கு வந்துவிட்டீர்கள்.

கல்லணை

மரத்தைப் பொறுத்தவரை ஆமாம். போக்குவரத்தைப் பொறுத்தவரை இன்னும் இல்லை. முழு ஆய்வு வரட்டும்.

சுதா_ரோசஸ்டர்

பாஸ்டனையும் பாருங்கள். அதுவும் ஓம்ஸ்டெட் போட்ட சங்கிலிதான், எமரால்டு நெக்லஸ். மட்டி ஆற்றின் ஒரு பகுதியைக் குழாய்க்குள் தள்ளி மேலே கார் நிறுத்துமிடம் போட்டிருந்தார்கள். பல பத்தாண்டு கழித்துத் தார் எல்லாம் பெயர்த்து ஆற்றைத் திரும்ப வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது அங்கே நாணலும் வாத்தும். போனது போனதுதான் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் அதே சங்கிலி சார்லஸ் ஆற்றைத் தொடுகிற சார்ல்ஸ்கேட்டில் 1960களில் போட்ட மேம்பாலம் இன்னும் தலைக்கு மேலே நிற்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கல்லணை அண்ணா பிடித்துக்கொள்வார்.

பஃபலோ_பாலா

இவ்வளவு தூரம் வந்ததில் என் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் பக்கம் அடிக்கடி நடப்பவன். ஈஸ்ட் ஃபெர்ரி தெருவின் பாலத்தில் நின்றால் ஒரு விஷயம் கண்ணில் படும்: பாலத்தின் நடைபாதையில் ஆள் குறைவு. எதிர்க்கரையில் மளிகைக் கடையோ சர்ச்சோ இருந்தாலும், வேலி ஓரமாக இரைச்சலில் நடந்து போக மனசு வருவதில்லை. அடுத்தடுத்த பாலத்துக்கு இடையில் கடக்க வழியே கிடையாது. எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத ஒரு தெரு. அறிவியல் அருங்காட்சியகம் 1929-இல் பூங்காவைப் பார்த்துக் கட்டியது, இன்று அதன் ஒரு பக்கம் நெடுஞ்சாலையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது.

மூடி போட்டாலும் இந்தக் கடக்கும் பிரச்சினை முக்கால் மைலுக்குத் தீரும். அதை நான் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். எண்பது வயதில் இருப்பவர்கள் சிலர் பொதுக்கூட்டத்தில் எழுந்து, ‘முழு ஆய்வு, முழு மாற்று என்று இழுத்தால் நான் பார்க்கப் போவதில்லை, கிடைப்பதைக் கொடுங்கள்’ என்று கேட்கிறார்கள். மரங்கள் இருந்த காலத்தைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் முகத்தைப் பார்த்து ‘நிரப்பும் வரை பொறுங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த முக்கால் மைலின் வடக்கு முனை டெலவேர் பார்க்கைத் தொடவில்லை. நிழற்சாலை சொன்ன கயிறு இன்னமும் அறுந்தேதான் கிடக்கும். அதனால் நான் கேட்கப் போவது: எதைச் செய்தாலும் 198-ஓடு சேர்த்து ஒரே வரைபடமாகக் காட்டு, டெலவேர் பார்க் ஓரத்து அகாசிஸ் சர்க்கிள் வரைக்கும் நடந்துபோக வழி எங்கே என்று காட்டு. சுற்றுச்சூழல் ஆய்வுக்குப் பொதுமக்கள் கருத்து கேட்கும்போது இதை எழுதி அனுப்புவதாக இருக்கிறேன்.

யூபி_மாணவன்

நானும் எழுதலாமா? எனக்கு இங்கே ஓட்டுரிமை கிடையாதே.

பஃபலோ_பாலா

கருத்துச் சொல்ல ஓட்டுரிமை தேவையில்லை தம்பி. நீ அந்த ரயில் நிறுத்தத்தில் இறங்குகிறவன், போதும். எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை நடந்து பார். டெலவேர் பார்க்கின் ஏரிப் பக்கம் ஆரம்பித்து லிங்கன், பிட்வெல் வரை ஒரு நாள். இன்னொரு நாள் மார்ட்டின் லூதர் கிங் பூங்காவிலிருந்து பள்ளத்தின் ஓரமாகவே வடக்கே. இரண்டாவதற்குக் காதில் ஹெட்போன் மாட்டாதே, இரைச்சலையும் கேட்டால்தான் எழுத வரும்.

கல்லணை

எழுதுகிறவர்கள் மண் ஆழத்தை எண்ணிலேயே கேளுங்கள். ‘போதுமான ஆழம்’ என்று பதில் வந்தால் விடாதீர்கள்.

நிழற்சாலை

இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஓம்ஸ்டெட் பூங்காக்களைப் பார்த்துக்கொள்வது 2004-லிருந்து ஒரு லாப நோக்கற்ற அமைப்பு, நகராட்சியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு. ஏறக்குறைய 850 ஏக்கர், அதற்கே தொண்டர்களும் நன்கொடையும் தேட வேண்டியிருக்கிறது. சுரங்கக் கூரையில் வரப்போகும் இந்தப் புது நிலம் யார் கையில்? சாலைத் துறையா, நகராட்சியா, அந்த அமைப்பா? தண்ணீர் ஊற்றுவது யார், பட்ட மரத்தை மாற்றுவது யார், சுரங்கத்து மின்விசிறிக்குக் கரண்ட் பில் கட்டுவது யார்? கட்டுகிற காசு ஒரு தடவை வரும். இது வருஷா வருஷம்.

வெட்டிப்பேச்சு

கரண்ட் பில்லை நான் எழுதுகிறேன். அது ஒன்றுதான் முதலிலிருந்தே எனக்குப் புரிந்த விஷயம்.